முத்தத்துக்குத் தீராத சாபம்

கேள்வி: சாபம் வாங்கிய இளவரசி கதை என்றால் கடைசியில் முத்தம், கல்யாணம், சுபம் என்று முடியவேண்டும். உங்களுக்குப் பிடித்ததாக எப்போதும் டென்மார்க் கதாசிரியர் ஆண்டர்சனின் 'சதுப்பு ராஜாவின் மகள்' கதையையே சொல்கிறீர்கள். அதைப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா?

பதில்: கல்யாணம் அதிலும் இருக்கிறது ஐயா, அந்தக் கல்யாண ராத்திரியில்தான் பெண்ணே காணாமல் போகிறாள்! அதற்கு அப்புறம் வருகிறேன்.

எகிப்து இளவரசி ஒருத்தி, நோயாளி அப்பாவுக்கு மருந்துப் பூ தேடி, அன்னத்தின் இறகுத்தோலைப் போர்த்திக்கொண்டு டென்மார்க்கின் வட கோடிச் சதுப்புக்கு வருகிறாள். கூட வந்த இரண்டு பெண்கள் அவளுடைய இறகுத்தோலைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பறந்துவிட, சதுப்பு ராஜா அவளைச் சேற்றுக்குள் இழுத்துக்கொள்கிறான். அவர்கள் மகள்தான் ஹெல்கா. குழந்தையை ஒரு நாரை தூக்கிப்போய், பிள்ளையில்லாத வைக்கிங் (அந்தக்கால வடதேசத்துக் கடல் கொள்ளையர்) தலைவன் மனைவியிடம் சேர்க்கிறது.

பகலில் அவளுக்கு அம்மாவின் அழகு, அப்பாவின் குணம். பலி கொடுத்த குதிரையின் சூடு ஆறாத ரத்தத்தைக் கையால் அளைந்து விளையாடுவாள், பூசாரி அறுக்க இருந்த கருஞ்சேவலின் தலையைப் பல்லாலேயே கடித்துத் துண்டாக்குவாள். பொழுது சாய்ந்தால் விரலிடுக்கில் சவ்வு ஒட்டிய தேரை. ஆனால் மனசு அம்மாவுடையது. பேச்சு வராமல், வளர்த்தவளையே சோகக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும். புருஷனுக்குத் தெரிந்தால் பிள்ளையைத் தெருவில் போட்டுவிடுவானே என்று ராத்திரி ரகசியத்தை மூடி மறைக்கிற அந்த அம்மாள், நீ எப்போதும் இந்த ஊமைத் தேரையாகவே இருந்திருக்கலாம் என்கிறாள் ஓரிடத்தில். அழகுதான் சாபமோ என்று எனக்குச் சந்தேகம் வந்த இடம் அது.

சரி, முடிவு. பின்னால் சாபம் நீங்கி, எகிப்தில் அரேபிய இளவரசனோடு கல்யாணம். அன்று இரவு அவளுக்குச் சொர்க்கத்தை எட்டிப் பார்க்கக் கிடைப்பது மூன்றே நிமிடம். திரும்பினால் பூமியில் பல நூறு வருஷம் ஓடியிருக்கிறது, அவளைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. உடம்பு பொடியாய் உதிர்கிறது, நின்ற இடத்தில் வாடிய தாமரை ஒன்று.

இந்தக் கதையை வழிவழியாகச் சொல்லி வருவது நாரைகள். கடைசியில் அப்பா நாரை, இப்படியொரு முடிவை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் பிடித்திருக்கிறது என்கிறது. குஞ்சுகள் என்ன சொல்லுமோ என்று அம்மா நாரைக்குக் கவலை. ஆமாம், அதுதானே முக்கியம் என்கிறது அப்பா நாரை. கதை வெளிவந்தது 1858-இல்; உங்கள் கேள்வியை அந்த அம்மா நாரை அப்போதே கேட்டுவிட்டது.