எல்.டி.எச். இருக்கட்டும், அந்தக் கறுத்த சிறுநீரைச் சொல்லுங்கள்

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எச். (லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்) கொஞ்சம் கூடியிருக்கிறது, 'மைட்டோகாண்ட்ரியா நொதிகள் செத்துக்கொண்டிருக்கின்றன' என்று இணையத்தில் படித்தேன், இனி மெல்ல மெல்ல முடங்கிவிடுவேனா, பிள்ளைகளுக்கும் வருமா என்று நீளமாக எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரே ஒரு வரி: வேக ஓட்டப் பயிற்சி செய்த அன்று தொடை இறுகி மடக்கவே முடியவில்லை, ராத்திரி சிறுநீர் கோலா நிறத்தில் போனது, வலி மாத்திரை போட்டுப் படுத்தேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. என் பதில் முழுக்க அந்த வரிக்குத்தான்.

எல்.டி.எச். அநேகமாக எல்லாச் செல்களிலும் இருக்கிற நொதி. பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றுவது அதன் வேலை. ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தால்கூட அளவு ஏறிவிடும், அதை வைத்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். அதே அறிக்கையில் சில வரிகள் கீழே சி.கே. 1,100 என்று இருக்கிறது, பரிசோதனைக்கு முன் பத்து நாள் எந்தப் பயிற்சியும் செய்யவில்லை என்கிறீர்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சி.கே. என்பது கிரியாட்டின் கைனேஸ். தசைக்கு அவசரமாகச் சக்தி வேண்டியபோது கிரியாட்டின் பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து, செல் செலவழிக்கும் சக்திப் பொருளான ஏ.டி.பி.யை ஆக்கித் தரும் நொதி, செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டியது. அது ரத்தத்தில் இந்த அளவுக்குக் கூடியிருந்தால் நொதி சாகிறது என்று அர்த்தமில்லை, தசைச் செல்லின் சவ்வு கசிகிறது என்று அர்த்தம். கடும் பயிற்சிக்குப் பிறகு யாருக்கும் ஏறும், சில நாளில் இறங்கிவிடும். ஓய்வுக்குப் பிறகும் இறங்காமல் நிற்பதுதான் கேள்வி.

தசை சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஏ.டி.பி. வேண்டும். அது தீர்ந்தால் தசை இறுகியபடியே நின்றுவிடும், கால்சியத்தை வெளியே தள்ளும் பம்புகளும் நின்றுபோகும், செல் உடையும். உடைந்த செல்லிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற தசைப் புரதம்தான் சிறுநீரைக் கறுப்பாக்குகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பதும் அதுவே. கூடவே வெளியேறும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். நீங்கள் போட்ட வலி மாத்திரையான இபுப்ரோஃபென் அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. தப்பித்தீர்கள், அவ்வளவுதான். இனி ஒருமுறை உழைப்புக்குப் பிறகோ காய்ச்சலின்போதோ தசை வலியோடு சிறுநீர் கறுத்தால், மாத்திரை எதுவும் போடாமல் அப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியானாலும் சரி. சி.கே., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் என்று நிறம் மாறும் பட்டைச் சோதனை காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணுவே தெரியாமல் போனால் அது பெரும்பாலும் மயோகுளோபின்தான்.

சின்ன வயதிலிருந்தே படியேறினால் முதல் சில நிமிடம் கால் கடுக்கும், நின்று மெதுவாக நடந்தால் அப்புறம் சுலபமாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். தசையில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனிலிருந்து குளுக்கோஸை ஒவ்வொன்றாக வெட்டித் தருவது பாஸ்போரிலேஸ் என்ற நொதி. அது இல்லாதவர்களுக்கு முதல் நிமிடங்கள்தான் கஷ்டம். எட்டுப் பத்து நிமிடத்தில் ரத்தத்திலிருந்து குளுக்கோஸும் கொழுப்பும் வந்து சேர்ந்ததும் தசை ஓடத் தொடங்கும். 1951இல் மருத்துவர் பிரையன் மெக்கார்டில் விவரித்த நோய் இது. உழைத்த பிறகும் அவருடைய நோயாளியின் ரத்தத்தில் லாக்டேட் ஏறவில்லை என்பதைக் கவனித்துத்தான் கோளாறு எங்கே என்று பிடித்தார். கொழுப்பை, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோக உதவும் சி.பி.டி. 2 நொதியில் குறை இருந்தால் கதை வேறு: நீண்ட நேர உழைப்பு, பட்டினி, காய்ச்சல் இவற்றில்தான் தொல்லை வரும், மற்ற நாட்களில் சி.கே. பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். உங்கள் விவரங்கள் முதலாவதோடு ஒத்துப்போகின்றன. ஆனால் கடிதத்தைப் படித்து நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன். நரம்பு, தசை நோய் மருத்துவரைப் பார்த்து மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதுவரை வேக ஓட்டமும் கனமான எடை தூக்குவதும் வேண்டாம், மெதுவாகத் தொடங்கும் நடை போதும்.

வாங்கி அடுக்கியிருக்கும் சத்து மாத்திரை டப்பாக்களுக்கு வருகிறேன். கோ கியூ 10 உங்களுக்குத் தேவை என்று காட்ட எதுவுமே இல்லை. வைட்டமின் பி 6 அந்தப் பாஸ்போரிலேஸுக்குத் துணைப்பொருள்தான், அதற்காக அள்ளிப் போட்டால் நரம்புகள் மரத்துப்போகும். பயோட்டின் என்ற வைட்டமினை நிறுத்தியே ஆக வேண்டும். தைராய்டு குறைந்தாலும் சோர்வும் வரும், சி.கே.யும் ஏறும், அதனால் தைராய்டை முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. அதிக அளவு பயோட்டின் சில தைராய்டு பரிசோதனைகளின் முடிவையே தலைகீழாக்கிவிடும், குறைவாக இருப்பவருக்குக் கூடுதல் என்று காட்டும். பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, என்ன அளவு சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் எடுக்கிறீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை, அதுவும் தசையைத் தாக்கலாம். எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் கேளுங்கள்.

முடங்கிவிடுவேனா என்றால், மெக்கார்டில் நோயாகவே இருந்தாலும் தன் எல்லை தெரிந்து நடப்பவர்கள் பெரும்பாலும் நன்றாகவே வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்கு வர, உங்கள் துணையிடமும் அதே மரபணுவில் ஒரு பழுதான பிரதி இருக்க வேண்டும், அப்படி அமைவது அரிது.