அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, மதுரைக்குக் குடிவந்து 2 மாதம் ஆகிறது. காய்கறிச் செலவு கையைக் கடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகவே யோசனையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கே.கே. நகர்

பதில்: உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே அண்ணா நகர் உழவர் சந்தை! 1999-ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த சந்தை அதுதான். விவசாயியே நேராக விற்பதால் இடையில் தரகு கிடையாது. வாசலில் கரும்பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் உள்ளே போகாதே. நான் கீரைக்கு விடியற்காலையிலேயே போய்விடுவேன். வேரில் ஈரமண் ஒட்டிய சிறுகீரைக் கட்டை அந்த நேரத்தில்தான் பார்க்கலாம். தக்காளிக்கு மட்டும் கடை கட்டும் நேரம். ரசத்துக்குப் போதும் என்று லேசாக நசுங்கியதைக் கேட்டால் குறைத்தே தருவார்கள்.

பிள்ளைகளைத் தமுக்கம் பக்கத்தில் காந்தி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போ. கட்டணம் இல்லை. காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. என் மகன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டான். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளக் கரையில் காற்று வாங்கலாம். ஓட்டல் வேண்டாம்மா, புளியோதரையும் துவையலும் கட்டி எடுத்துக்கொள். கூடவே ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடு, அதில் கணக்குப் பார்க்காதே.