சுழல்மேடை திணறினால் பெரிய மோட்டார் தீர்வல்ல

12 அடி விட்டமுள்ள நாடக வட்டமேடையை நடு அச்சில் மோட்டார் வைத்துத் திருப்பும்போது, ஓரத்தில் ஆட்கள் நின்றாலே திணறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஓரத்தில் மேடையைத் தாங்கும் சிறு சக்கரங்களான காஸ்டர்களின் உராய்வை நடுவிலிருந்து வெல்ல ஏராளமான முறுக்குவிசை வேண்டும். நடு அச்சு மேடையை விலகாமல் பிடிக்க மட்டும் இருக்கட்டும். உந்துதலை விளிம்புக்கு மாற்றுங்கள். மோட்டார் சுழற்றும் 8 அங்குல விட்ட ரப்பர் சக்கரத்தை ஸ்பிரிங்கால் விளிம்பில் அழுத்தினாலே 18 மடங்கு வேகக் குறைப்பு கிடைத்துவிடும். 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று) மோட்டாருக்கு, வேகத்தை 40-இல் ஒரு பங்காக்கும் 40:1 கியர்பாக்ஸ் போட்டால் மேடை நிமிடத்துக்கு 2 சுற்று. நடிகர்கள் நிற்கும்போது அதுவே அதிகம்; விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்கருவி) வைத்துப் பாதியாக்குங்கள், கிளம்புவதும் நிற்பதும் படிப்படியாக இருக்கட்டும்.

அப்புறம் காஸ்டர்கள்: தாமாகத் திரும்பும் வகை வேண்டவே வேண்டாம். திரும்பாத வகையை, ஒவ்வொரு காஸ்டர் சக்கரத்தின் அச்சும் மேடையின் மையத்தை நோக்கும்படி பொருத்துங்கள். அவசர நிறுத்தப் பொத்தான், மேடையை நேரில் பார்ப்பவர் கையிலேயே இருக்க வேண்டும்.