சென்னை–டொராண்டோ: 15 மணி நேரமா, 24 மணி நேரமா?

செப்டம்பரில் சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் படிக்க வருகிறீர்கள். விமானப் பயணம் இணையத்தில் 15 மணி நேரம் என்கிறார்கள், டிக்கெட்டில் 24 மணி நேரம் என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டீர்கள். டிக்கெட்தான் சரி, தம்பி.

இரண்டு ஊருக்கும் வான்வழியில் மிகக் குறைந்த தூரம் சுமார் 13,400 கி.மீ. அதை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் வருவதுதான் அந்த 15. அப்படிப் பறக்க நேரடி விமானம் கிடையாது. விமானத்தால் முடியாது என்றில்லை. சிங்கப்பூர்–நியூயார்க் 15,000 கி.மீ.க்கும் மேல், நடுவில் இறங்காமலே போகிறது. ஆனால் நம் குறுக்குவழி ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, ரஷ்யாவையும் ஆர்க்டிக்கையும் தாண்டி வருவது. கனடா விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி 2022 முதல் மூடியிருக்கிறது.

ஆகவே நடுவில் எங்காவது மாறியாக வேண்டும். லண்டன் வழி என்றால் 8,200 + 5,700 கி.மீ., துபாய் வழி என்றால் 2,900 + 11,100 கி.மீ. இரண்டும் 14,000 பக்கம்தான், வானில் இருப்பதும் 18, 19 மணி நேரம். அதனால் தூரத்தைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். துபாய் வழியில் இரண்டாவது விமானத்தில் ஒரே இருப்பாக 14 மணி நேரம் உட்கார வேண்டும். கால் வீங்குபவர்களுக்கு லண்டன் வழிதான் நல்லது.

டிக்கெட்டில் உள்ள 24-இல் மீதி, நடுவில் காத்திருக்கும் நேரம். உண்மையில் பார்க்க வேண்டியது அதுதான். ஒன்றேகால் மணி நேர இடைவெளியிலும் டிக்கெட் விற்பார்கள். முதல் விமானம் 40 நிமிடம் தாமதமானால், நீங்கள் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காது. இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாண்ட்ரியால் அல்லது வான்கூவரில் மாறுவதாக இருந்தால் நான்குக்குக் குறையவே கூடாது: கனடாவில் முதலில் இறங்கும் இடத்தில்தான் குடிவரவுச் சோதனை, ஸ்டடி பெர்மிட் (படிப்பதற்கான அனுமதி) அச்சடித்துக் கொடுப்பதும் அங்கேதான். செப்டம்பரை ஒட்டி அந்த வரிசை நீளம்.

இரண்டு பயணமும் ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே முன்பதிவில், இருக்கட்டும். அப்போது முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், மாற்று விமானம் தருவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் மலிவாகத் தெரியும். தவறவிட்டால் பணம் போனதுதான். நடுவில் மாறும் ஊரில் பெட்டியை எடுக்க வெளியே வரவேண்டியிருந்தால் அந்த நாட்டு விசா கேள்வியும் வரும்.

டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை டொராண்டோ இந்திய நேரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னே. மற்ற மாதங்களில் பத்தரை. செப்டம்பரில் அதிகாலை 3.45-க்குக் கிளம்பி அன்றே மாலை 4-க்கு இறங்கினால், பன்னிரண்டேகால் மணி நேரம் போலத் தெரியும். ஒன்பதரையைக் கூட்டுங்கள்: இருபத்தொன்றே முக்கால். திரும்பும்போது கழிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து இப்படி நள்ளிரவுக்குப் பின் கிளம்பும் விமானங்கள் பல. தேதி 15, அதிகாலை 3.45 என்றிருந்தால், விமான நிலையத்துக்குப் போக வேண்டியது 14-ஆம் தேதி இரவு.