மான் வேட்டைக்கு .500 மேக்னம் வேண்டுமா? ஆர்மரர் பதில்கள்

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். குடியுரிமையும் வாங்கிவிட்டான். இந்த சீசனில் ரிவால்வர் வைத்து மான் வேட்டைக்குப் போகப்போகிறானாம். "பெருசா .500 மேக்னமே வாங்கிடறேன்" என்கிறான். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுதுபார்ப்பவராக, இருந்தவர் நீங்கள். அது சரிதானா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்கள். .44 மேக்னம் தாராளமாகப் போதும். மேக்னம் என்றால் கூடுதல் சக்தியுள்ள தோட்டா; முன்னால் உள்ள எண் குண்டின் தடிமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்வது.

அங்கே சுடப்போவது வெள்ளைவால் மான். ஏறக்குறைய நம் அமிர்தி காட்டில் பார்க்கிற புள்ளிமான் அளவுதான்; நல்ல கிடா கொஞ்சம் கனமாக இருக்கும். .44 மேக்னம் 1955இல் வந்தது. அதில் வழக்கமாகப் போடும் 240 கிரெயின் குண்டு, அதாவது பதினைந்தரை கிராம், நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் போகும். பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டால், இரண்டு நுரையீரலையும் துளைத்து வெளியே போய்விடும். அதற்கு மேல் சக்தி எதற்கு?

2003இல் வந்த .500, பெரிய கரடியைச் சுடக்கூடிய தோட்டா. நீளக் குழல் ரிவால்வர் இரண்டு கிலோ எடை இருந்தும் கையை உதறவைக்கும். உதை வாங்கிய கை அடுத்த முறை முன்கூட்டியே பயப்படும். ட்ரிகரை இழுக்கும்போதே கண் மூடும், குழல் கீழே சாயும். ஃபயரிங் ரேஞ்சில் நல்ல திடகாத்திரமான ஜவான்களிடமே இதைப் பார்த்திருக்கிறேன். காகித இலக்கில் என்றால் மார்க்கு போகும், அவ்வளவுதான். காட்டிலோ, வயிற்றில் குண்டு பட்ட மான் மணிக்கணக்கில் துடித்துச் சாகும். என்னால் பொறுக்க முடியாத விஷயம் அது.

பயம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சிலிண்டரில், அதாவது தோட்டா போடும் சுழல் உருளையில், நல்ல தோட்டாக்களுக்கு நடுவே சுட்டு முடித்த ஒரு காலிக் கூட்டையும், எங்கே என்று தெரியாமல், இன்னொருவரை விட்டுப் போடச் சொல்லுங்கள். ஹேமர், அதாவது தோட்டாவைத் தட்டும் சுத்தி, அந்தக் கூட்டின் மேல் விழும்போது குழல் ஆடினால் தம்பி இன்னும் தயாராகவில்லை. .44 ஸ்பெஷல் என்ற சாதுவான தோட்டாவும் அதே ரிவால்வரில் போகும். அதில் பழகிவிட்டு மேக்னத்துக்கு ஏறட்டும்.

ஒஹாயோ சட்டப்படி மானுக்குக் கைத்துப்பாக்கியின் குழல் குறைந்தது 5 அங்குலம், தோட்டா .357 அல்லது அதற்கு மேல், அதுவும் நேர்ச்சுவர்க் கூடாக (வாய்ப்பக்கம் குறுகாத கூடாக) இருக்க வேண்டும். .357க்கு அனுமதி உண்டு. ஆனால் புதியவருக்கு நான் சொல்லமாட்டேன். ஏழரை அங்குலக் குழலோடு ரூகர் கம்பெனியின் சூப்பர் ரெட்ஹாக் .44 ரிவால்வரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரைக் கிலோ எடை உதையை விழுங்கிவிடும், ஸ்கோப் மாட்ட இடமும் அதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஹேமரைக் கையால் இழுத்து வைத்துவிட்டுச் சுடட்டும், ட்ரிகர் லேசாகும். 1973க்கு முந்தைய பழைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்தே சுட வேண்டிய வகை) மலிவாகக் கிடைத்தால், அதில் புதுப் பாதுகாப்பு அமைப்பு பொருத்தியிருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் சிலிண்டரின் ஆறு அறைகளில் ஐந்து தோட்டாதான். ஹேமருக்குக் கீழே உள்ள அறை காலியாகவே இருக்கட்டும். கீழே விழுந்தால் வெடிக்கும்.

அப்புறம் காது. காதடைப்பு போடாமல் மேக்னம் ஒரே ஒரு முறை சுட்டாலும் கேட்கும் திறன் போகலாம். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்குப் பக்கம் இடது கை விரல் போகவே கூடாது. அங்கிருந்து பீறிடும் சூடான வாயு விரலைக் கிழித்துவிடும்.

தூரம்தான் முக்கியம். எட்டு அங்குலத் தட்டு ஒன்றை வைத்து, காட்டில் உட்காருவது போலவே உட்கார்ந்து, கோலில் கையைத் தாங்கிச் சுடச் சொல்லுங்கள். ஆறு குண்டும் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுவே அவர் எல்லை. பெரும்பாலானோருக்கு 50 கஜம். அதே ஒஹாயோவில் என் அக்கா மகன் 70 கஜத்தில் நின்ற கிடாவைச் சுடாமல் விட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது அன்றைக்குத்தான்.

லைசென்ஸ், மான் பெர்மிட், ஆரஞ்சு உடுப்பு எல்லாம் தம்பிக்கே தெரிந்திருக்கும். ஊருக்கு வரும்போது துப்பாக்கியையோ ஒரு தோட்டாவையோ பெட்டியில் போட்டுக்கொண்டு வரவே கூடாது.

கேள்வி: எங்கள் மணிலாக் கொல்லையில் மான் மேய்கிறது. ரிவால்வர் லைசென்ஸ் வாங்கிச் சுடலாமா?
– வாசகர், ஒடுகத்தூர்

பதில்: கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தில் கிடைக்கும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான். மானைச் சுட்டால் 1972 வனவிலங்குச் சட்டப்படி சிறை. வேலியில் கரண்ட் விடும் யோசனையும் வேண்டாம். இருட்டில் தண்ணீர் பாய்ச்ச வரும் ஆளைக் கொல்லும். சேதத்தைப் படம் எடுத்து, வி.ஏ.ஓ.வை அழைத்துக் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு மனு கொடுங்கள்.