தீவிரப் பேச்சின் கறை பெரிய கட்சியின் மீது எப்போது ஒட்டுகிறது?

கேள்வி: ஒரு சிறிய அமைப்போ, கட்சியின் ஓரத்தில் இருக்கும் ஒரு பேச்சாளரோ வரம்பு மீறினால் பெரிய கட்சியின் பெயர் எவ்வளவு கெடும்? தப்பிக்க வழி உண்டா?

பேச்சு எவ்வளவு காரமானது என்பதை வைத்து இதைக் கணக்கிட்டால் தப்பாகத்தான் போகும். பேசியவருக்கும் கட்சிக்கும் நடுவே மக்கள் கண்ணால் பார்த்த தொடர்பு என்ன, கட்சி அதை எத்தனை நாளில் அறுத்தது, இந்த இரண்டையும் பாருங்கள். தமிழக அரசியலிலேயே இதற்கு நேர் எதிரான இரண்டு தேர்தல்கள் இருக்கின்றன.

1971 ஜனவரியில் சேலத்தில் திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அதன் ஊர்வலத்தில் ராமர் படம் அவமதிக்கப்பட்டது. மார்ச்சில் சட்டமன்றத் தேர்தல். ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணியில் இருந்தார்கள். சேலம் ஊர்வலத்தைச் சுவரொட்டியாக்கி, இவர்களுக்கா ஓட்டு என்று தி.மு.க.வைக் குறிவைத்துக் கேட்டார்கள். முடிவு? 1967-இல் 137 இடம் வைத்திருந்த தி.மு.க. 184 இடம் பிடித்தது. வாக்கு விகிதம் சுமார் 41-இலிருந்து 48 சதவீதத்தைத் தாண்டியது.

இதில் இந்திரா காங்கிரஸுடன் வைத்த கூட்டணிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் அந்தச் சுவரொட்டி எடுபடாததற்கு இன்னொரு காரணம் இருந்தது. தி.க. வேறு, தி.மு.க. வேறு என்பதை மக்கள் இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துவந்தார்கள். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. தொடங்கியதே தி.க.விலிருந்து பிரிந்துதான். 1953-இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்பை அறிவித்தபோது, அண்ணா பிள்ளையாரை உடைக்கவும் மாட்டோம், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கவும் மாட்டோம் என்ற நிலையில் நின்றார். ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்ற திருமூலர் வாக்கை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962, 1967 தேர்தல்களில் பெரியார் காங்கிரஸுக்குத்தான் ஆதரவு. பக்கத்தில் கடுமையான ஒருவர் நின்றது தி.மு.க.வை மிதமான கட்சியாகக் காட்டியது. இது லாபம். அரசியல் ஆய்வாளர்கள் பல நாடுகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கோரிக்கையை இருவர் எழுப்பும்போது, இரண்டாமவர் முரட்டுத்தனமாக நடந்தால் முதலாமவரோடு பேசலாம் என்று அரசுக்கும் மக்களுக்கும் தோன்றும். ஆனால் இருவருக்கும் நடுவே கோடு தெளிவாகத் தெரிந்தால்தான் அது நடக்கும்.

கோடு தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1991. விடுதலைப் புலிகள் செய்ததை தி.மு.க. செய்யச் சொன்னதாக எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் வாக்காளர் கண்ணில் பட்ட வரிசை வேறு. 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை இலங்கையிலிருந்து திரும்பி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர் மீது அந்தப் படை நடத்திய கொடுமைகளுக்கான எதிர்ப்பு அது, காரணம் இருந்தது. அடுத்த மூன்று மாதத்துக்குள், ஜூன் 19 அன்று, கோடம்பாக்கத்தில் புலிகளுக்கு எதிரான ஈழ அமைப்பான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் உடனிருந்தவர்களும் புலிகளால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொலையாளிகள் தமிழகத்தை விட்டே தப்பிவிட்டார்கள். 1991 ஜனவரி 30-இல் ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. தேர்தலில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டு இடம். கருணாநிதியே துறைமுகம் தொகுதியில் 890 வாக்கில்தான் கரையேறினார்.

அனுதாப அலை, அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக் கணக்கு எல்லாம் சேர்ந்த தோல்விதான் அது. ஆனால் கறை ஒட்டிய விதத்தைக் கவனியுங்கள். துறைமுகத்தில் எடுத்த நிலைப்பாடு தனியாக நின்றிருந்தால் அது கொள்கை. கோடம்பாக்கத்துக்குப் பிறகு அதுவே சாட்சியாக மாறிவிட்டது. தீவிரக் குழுவின் செயல், பெரிய கட்சி முன்பே செய்தவற்றின் பொருளைப் பின்னோக்கி மாற்றிவிடும். கட்சித் தலைமைகள் கணக்கில் எடுக்கத் தவறுவது பெரும்பாலும் இதைத்தான். உயிர்ப்பலி இருந்தால் இந்த மாற்றம் ஒரே இரவில் நடக்கும்.

இனி தப்பிக்கும் வழிக்கு வருகிறேன். கறை ஒட்டுமா ஒட்டாதா என்பது, சர்ச்சைப் பேச்சின் கிளிப் வெளியே வந்த முதல் நாளிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடும். முதலில் முழு வீடியோவை வாங்கிப் பார்க்க வேண்டும். பார்க்காமல் “திரித்துவிட்டார்கள்” என்று அறிக்கை விட்டு, மாலையில் முழு வீடியோவிலும் அதே வாக்கியம் இருந்தால், பேசியவரின் தவறு அப்போதே கட்சியின் பொய்யாகிவிடும். அடுத்து, ஒருவர் மட்டுமே பதில் சொல்ல வேண்டும். எட்டு மணி விவாதத்துக்கு நான்கு சேனலில் நான்கு பேர் போய் உட்கார்ந்தால் நான்கு நிலைப்பாடு கிடைக்கும். மறுநாள் செய்தி அதுதான். அறிக்கையில் எந்த வாக்கியம் தவறு, பேசியவருக்கு என்ன பொறுப்பு, அந்தப் பொறுப்பு என்ன ஆகிறது என்ற மூன்றும் இருக்க வேண்டும். “அது அவரது சொந்தக் கருத்து” என்பது எப்போதும் தோற்கும் வாக்கியம். பதவி அப்படியே இருக்கும்போது கருத்து மட்டும் எப்படிச் சொந்தமாகும் என்று டீக்கடையில் நிற்பவருக்கே தோன்றும்.

அறிக்கைக்குப் பிறகுதான் சறுக்கல் அதிகம். பேச்சாளர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மாட்டார்கள். இரண்டு வாரம் கழித்து மாவட்டச் செயலாளர் தெருமுனைக் கூட்டத்தில் சால்வை போர்த்துவார். அந்த ஒரு புகைப்படம் அறிக்கையை ரத்து செய்துவிடும். தற்காலிக நீக்கம் செய்துவிட்டு ஓசையில்லாமல் திரும்பச் சேர்ப்பது இன்னும் மோசம். அடுத்த முறை அவர் பேசும்போது, தெரிந்தே சேர்த்தார்கள் என்ற பழியும் கூடவே வரும்.

தாமதத்துக்கு விலை உண்டு என்பதை 2022 காட்டியது. பா.ஜ.க.வின் தேசியச் செய்தித் தொடர்பாளர் ஒருவர் மே மாத இறுதியில் டி.வி. விவாதத்தில் நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசினார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது ஜூன் 5-இல். கத்தார் இந்தியத் தூதரை அழைத்துக் கண்டித்ததும் அதே நாள். அவை ஓரத்தில் இருப்பவர்களின் கருத்துகள் என்று தூதரகம் விளக்கம் சொன்னது. அதிகாரபூர்வச் செய்தித் தொடர்பாளரை ஓரத்து ஆள் என்றால் யார் நம்புவார்கள்? அதே நடவடிக்கை பேசிய மறுநாளே வந்திருந்தால் கட்சியின் சொந்த முடிவாகத் தெரிந்திருக்கும். பத்து நாள் கழித்து வந்ததால் வெளிநாட்டு நெருக்கடிக்குப் பணிந்ததாகத் தெரிந்தது. கண்டித்தவர்களுக்கும் திருப்தியில்லை, சொந்தத் தொண்டர்களுக்கும் கோபம்.

விலக்கிய மறுநாளே பெயர் திரும்பிவிடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பிரிட்டனில் தொழிற்கட்சிக்குள் நுழைந்திருந்த மிலிட்டன்ட் என்ற தீவிர இடதுசாரிக் குழுவை, 1985 மாநாட்டு மேடையிலேயே கட்சித் தலைவர் நீல் கின்னக் வெளிப்படையாகத் தாக்கினார். பிறகு வெளியேற்றங்கள் நடந்தன. ஆனாலும் 1987, 1992 இரண்டு தேர்தலிலும் தோல்வி. ஆட்சி கிடைத்தது 1997-இல்.

சில கட்சிகள் வேறு உத்தியைப் பிடிக்கின்றன: தீவிரக் கட்சியின் பேச்சைத் தாமே கொஞ்சம் பேசி அந்த ஓட்டை இழுப்பது. என் பார்வையில் இருப்பதிலேயே ஆபத்தான வழி இது. நெதர்லாந்தில் 2023-இல் ஆளும் வலது-மையக் கட்சியான வி.வி.டி. குடியேற்றத்தையே முக்கியப் பிரச்சினையாக்கியது. தீவிர வலதுசாரித் தலைவர் வில்டர்ஸின் கட்சியோடு சேர்வதற்கும் கதவைத் திறந்துவைத்தது. வி.வி.டி. 34-இலிருந்து 24 இடத்துக்கு இறங்கியது. வில்டர்ஸ் 17-இலிருந்து 37-க்கு ஏறினார். பெரிய கட்சியே பேசினால் அந்தப் பேச்சின் மேலிருந்த கூச்சம் போய்விடும். அசல் ஆள் பக்கத்திலேயே இருக்கும்போது ஓட்டு அவருக்குத்தான் போகும்.

கூட்டணியும் ஒரு தொடர்புதான். ஒரே அரசில் சேர்ந்திருக்கும் கட்சிகள் கொள்கையிலும் நெருங்கிவிட்டதாக வாக்காளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே 2023 செப்டம்பர் 25 அன்று ராயப்பேட்டையில் அ.தி.மு.க. கூடி, அண்ணாவையும் ஜெயலலிதாவையும் பா.ஜ.க. மாநிலத் தலைமை இழிவுபடுத்தியதைக் காரணம் காட்டிக் கூட்டணியை முறித்தது. 2025 ஏப்ரலில், பா.ஜ.க. மாநிலத் தலைவர் மாறிய அதே சமயத்தில், சென்னையில் மறுபடி சேர்ந்தார்கள். இப்படிப் பிரிந்து சேரும்போது, சண்டை கொள்கையோடா அல்லது ஒரு தனி ஆளோடா என்பதைக் கட்சி தொண்டனுக்கும் வாக்காளனுக்கும் விளக்கியாக வேண்டும். விளக்காவிட்டால் அந்தப் பதிலை எதிர்க்கட்சிதான் எழுதும்.

ஒரு கட்சி உண்மையிலேயே விலகியதா என்று சோதிக்க, கண்டன அறிக்கையை விட வேட்பாளர் பட்டியல் பயன்படும். 2019 மே மாதம், கோட்சேயைத் தேசபக்தர் என்ற போபால் பா.ஜ.க. வேட்பாளர் பிரக்யா தாக்கூரை மனதார மன்னிக்கவே முடியாது என்றார் பிரதமர் மோடி. ஆனால் போபாலில் வென்ற அவர் கட்சியின் எம்.பி.யாகத் தொடர்ந்தார். 2024-இல்தான் அவருக்கு சீட் மறுக்கப்பட்டது. எந்தக் கட்சியானாலும், சர்ச்சைக்கு அடுத்த தேர்தலில் அந்த ஆளுக்கோ குடும்பத்துக்கோ சீட் போகிறதா, அவர் பெயர் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அதில் மழுப்ப முடியாது.