‘எனக்கு வராது’ என்னும் சொல்: கேள்வி பதில்

பெங்களூரில் 22 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்துவருகிறேன். திறமை பிறப்போடு வந்து அப்படியே நின்றுவிடுவது என்று நம்புவது நிலைத்த மனப்பான்மை. கற்கும் முறையாலும் பழக்கத்தாலும் அது வளரும் என்று நம்புவது வளர்ச்சி மனப்பான்மை. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு மாறுவது குறித்து நம் தமிழ் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் “எனக்குக் கணக்கு வராதும்மா” என்கிறாள். எனக்கும் வராது; எங்கள் குடும்பத்துக்கே அந்த ராசி இல்லை. அவளிடம் என்ன சொல்வது, டீச்சர்? (அல்சூர்)

குடும்பத்துக்கே ராசி இல்லை என்று அவள் காதுபடச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள், அம்மா. அடுத்து, அவளுடைய விடைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வரியில் பிழை தொடங்கியது என்று இருவருமாகத் தேடுங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி பின்னக் கணக்குகள் அத்தனையிலும் பூஜ்யம் வாங்கியிருந்தாள். அருகில் உட்கார்ந்து பார்த்தபோது, 1/2 + 1/3 என்பதற்கு மேலே உள்ளவற்றை மேலேயும் கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தாள். எல்லாக் கணக்கிலும் அதே பிழைதான். “பாதி தோசையோடு இன்னொரு துண்டையும் சேர்த்தால், பாதியைவிடக் குறைவாகவா வரும்?” என்று கேட்டேன். விடையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், பேசாமல் ரப்பரை எடுத்து அழித்தாள். அவளுக்குத் தெரியாமல் இருந்தது பகுதிகளைச் சமமாக்கும் ஒரே ஒரு படி. அதற்குத்தான் ‘கணக்கே வராது’ என்று பெயர் வைத்திருந்தாள்.

அவள் சரியாகச் செய்யும்போது “நீ புத்திசாலி” என்று பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களைவிட, கடினமான புதிர்களில் தோற்றதும் விரைவாக மனம் தளர்ந்தார்கள்.

என் மகன் ஐந்து மணி நேரம் படிக்கிறான். உழைப்பைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறேன். மதிப்பெண் மட்டும் ஏறவில்லை. (ஜாலஹள்ளி)

உழைப்பை மட்டும் பாராட்டினால் போதாது, ஐயா. அந்த ஐந்து மணி நேரமும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் கழிகிறதா என்று பாருங்கள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பலன் தராத முறையை மாற்றாமல் “இன்னும் முயற்சி செய்” என்று சொல்லிக்கொண்டே இருப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்பதே என் கருத்து.

இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா, வெறும் ஊக்கப் பேச்சா? (ஒயிட்ஃபீல்ட்)

ஆதாரம் உண்டு, ஆனால் அளவோடு உண்டு. அமெரிக்காவில் சுமார் 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஆய்வில், அறிவுத்திறன் வளரக்கூடியது என்று கற்பித்த, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையவழிப் பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண்ணை, சுமார் நான்கு புள்ளிகள் கொண்ட அளவுகோலில் ஏறத்தாழ 0.1 மட்டுமே உயர்த்தியது. அவ்வளவு குறைந்த நேரத்துக்கு இது நல்ல பலனே. எனினும், மனப்பான்மை மாறினாலே வாழ்க்கை தலைகீழாகிவிடும் என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எனக்கு வயது 47. பெங்களூருக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகியும் கன்னடம் படிக்கத் தெரியாது. இந்த வயதில் இனி ஏறாது என்றே தோன்றுகிறது. (கே.ஆர்.புரம்)

லண்டனில் டாக்சி உரிமம் பெற விரும்புவோர் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் பதிக்க வேண்டும். 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்படிப் படித்துத் தேறியவர்களின் மூளையில் நினைவாற்றலுக்குரிய ஒரு பகுதி வளர்ந்திருப்பதைக் காட்டியது. அவர்களும் வளர்ந்த ஆட்களே, ஐயா.

உங்களுக்கோ பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. தமிழில் ‘ப’ என்று தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ‘ஹ’ என்று தொடங்குகின்றன: பால் ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. மாரத்தஹள்ளியில் உள்ள ஹள்ளி, திருச்சிராப்பள்ளியில் உள்ள பள்ளியேதான். உண்மையான சிரமம் எழுத்தில் இருக்கிறது. நமக்கு ஒரே ‘க’ நிற்கும் இடத்தில் அவர்களுக்கு நான்கு எழுத்துகள் உண்டு. அதில் தடுமாறுவது வயதால் அல்ல, தமிழராய்ப் பிறந்த எவரும் அங்கே தடுமாறுவார்கள். ஆகவே நெடுங்கணக்கை முழுதாக மனப்பாடம் செய்ய முனையாமல், நீங்கள் அன்றாடம் ஏறும் பஸ்ஸின் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குங்கள். அது எங்கே போகும் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமாதலால், எந்த எழுத்து எந்த ஒலி என்பதை நீங்களே பிரித்தறிய முடியும். வாரம் ஒரு பலகை போதும். முதல் வாரம் கே.ஆர்.புரம், அந்தப் ‘புர’ கைவந்துவிட்டால், அடுத்து மல்லேஸ்வரத்தின் ‘ர’ உங்களுக்குப் புதிதாக இருக்காது.